செபத்தில் சேர்த்த பெயர்

அக்டோபர் 1, செவ்வாய்

நான் விழவில்லை. உட்கார்ந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்து கோயிலின் தெற்கு வாசலில் இறங்கினேன். படிகளையும் தரையையும் ஒரே சாம்பல் நிறத்தில் பூசி வைத்திருக்கிறார்கள். படி முடிந்துவிட்டதென்று காலை வைத்தேன். இன்னும் ஒரு படி இருந்தது. உடனே உட்கார்ந்துகொண்டேன். சேலையில் மண்கூடப் படவில்லை. எழுபத்தெட்டு வயதுப் பெண் படியில் உட்கார்ந்தால் இந்த மரியாள் நகரில் அதற்குப் பெயர் விழுவது.

இன்று காலை பால் வாங்கப் போனபோது மூன்று பேர் என் முழங்காலை விசாரித்தார்கள். ஒருத்தி என் தலையை விசாரித்தாள். தலைக்கும் படிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "சும்மாதாம்மா" என்று நழுவிவிட்டாள்.

இந்த மாதம் 20ஆம் தேதி, மறைபரப்பு ஞாயிறு அன்று, பூசையில் வேதாகமத்திலிருந்து வாசிக்கும் முதல் வாசகம் என்னுடையது. முப்பத்தொரு வருடமாக இந்தப் பங்குக் கோயிலில் மாதம் ஒரு ஞாயிறு வாசிக்கிறேன். ஒரு முறைகூடத் தவறியதில்லை. என் வீட்டுக்காரர் ஸ்தனிஸ்லாசை அடக்கம் செய்த வாரத்திலும் வாசித்தேன்.

இந்த வருட டைரியில் கோடுகளை மிக மங்கலாக அச்சடித்திருக்கிறார்கள். கறுப்பு ஸ்கெட்ச் பேனா வாங்கியிருக்கிறேன். ஒரு பக்கத்துக்கு எட்டு வரிதான் பிடிக்கிறது.

அக்டோபர் 2, புதன்

சிலிண்டர் வந்தது. ரணகள்ளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். தொட்டியிலிருந்து விழுந்த இலை ஒன்று வெறும் சிமெண்டில் கிடந்தபடியே ஓரமெல்லாம் குட்டி போட்டிருக்கிறது. மண் கேட்கவில்லை, நீர் கேட்கவில்லை.

அக்டோபர் 4, வெள்ளி

இன்று முதல் வெள்ளி. காலை ஒன்பது மணிக்கு மணிச்சத்தம் கேட்டது. கோயிலுக்கு வர முடியாத நோயாளிகளின் வீட்டுக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோகும் சத்தம் அது. எங்கள் தெருவில் யார் படுக்கையில் விழுந்தது என்று எட்டிப் பார்த்தேன். என் வாசலில் நின்றது.

முன்னால் உபதேசியார் சூசை, கையில் மெழுகுத்திரி. பின்னால் ஃபாதர் கஸ்மீர். வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. முப்பத்தைந்து வயது இருக்கும். நான் அடுப்பில் இட்லிப் பானையை வைத்துவிட்டு, கையில் கரண்டியோடு நின்றேன்.

"படுத்துக்கிட்டே வாங்கிக்கலாம்மா. எந்திரிச்சிருக்க வேண்டாம்" என்றார் ஃபாதர்.

"நான் காலை அஞ்சு மணிக்கே எந்திரிச்சிட்டேன் ஃபாதர். யார் என் பேரை நோயாளிப் பட்டியல்ல சேர்த்தது?"

சூசை தலையைக் குனிந்துகொண்டார். "ரெண்டு நாளா செபமாலையில உங்களுக்காகச் சொல்லிட்டிருக்காங்க லியோனிம்மா. அதான் நானா சேர்த்துட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

தேடி வந்த நற்கருணையைத் திருப்பி அனுப்புவது மரியாதை இல்லை. முழந்தாளிட்டு வாங்கிக்கொண்டேன். முழந்தாளிட்டேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். விழுந்து அடிபட்ட முழங்கால் அது. பிறகு இருவருக்கும் இட்லி வைத்தேன். ஃபாதர் நான்கு சாப்பிட்டார். சூசை ஆறு.

போகும்போது ஃபாதர் மெல்லக் கேட்டார்: "அம்மா, இன்னிக்கு என்ன கிழமைன்னு ஞாபகம் இருக்குங்களா?"

முதல் வெள்ளி நற்கருணை கொண்டு வந்தவர் என்னிடம் கிழமை கேட்கிறார்.

அக்டோபர் 5, சனி

கான்வென்ட்டில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்தவர் சிஸ்டர் கான்சிலியா. வாரம் ஒரு வினைச்சொல் தருவார். அதற்கு ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். ஐந்தும் ஐந்து உலகத்திலிருந்து வர வேண்டும். ஒரு வாரம் 'ப்ராபகேட்' தந்தார். நான் எழுதியது இன்றும் நினைவிருக்கிறது. தோட்டக்காரர் ஒரு தண்டிலிருந்து ரோஜாவைப் பெருக்குகிறார். குருக்கள் கடல் கடந்து வந்து வேதத்தைப் பரப்பினார்கள். ஒளி வெற்றிடத்திலும் பயணம் செய்கிறது. கண்ணாடியின் மூலையில் விழுந்த விரிசல் நடுவரை ஓடியது. ஐந்தாவதாக எழுதினேன்: ஊரில் ஒரு வதந்தி பரவியது.

முதல் நான்குக்கும் சரி போட்டார். ஐந்தாவதின் கீழே சிவப்பு மையில் ஒரே சொல்: "யார்?"

கேட்கப் போனேன். செடி பெருகுவதற்குத் தோட்டக்காரன் பெயர் எழுதுகிறாய், பொய் பரவுவதற்கு ஏன் ஆள் பெயர் எழுதவில்லை என்றார். வதந்தி தானாக நடக்காது, அதற்குக் கால் இல்லை, யாராவது தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்றார்.

ஆங்கிலம் இத்தனை வேலையையும் ஒரே சொல்லின் தலையில் கட்டுகிறதே என்று அந்த வயதில் பெருமைப்பட்டேன். தமிழில் பெருக்க ஒரு சொல், பரப்ப ஒரு சொல், ஓட ஒரு சொல். இப்போது தமிழ்தான் நியாயம் என்று தோன்றுகிறது. ரோஜா செய்வதும் அமலோற்பவம் செய்வதும் ஒன்றல்ல.

ஆம், அமலோற்பவம்தான். விசாரித்துவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் நான். எந்த எண்ணையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. இன்று காலை எட்டு வீடுகளுக்கு நினைவிலிருந்து எண்ணை அழுத்தினேன். எட்டும் சரியாகப் போயின. கிடைத்த விவரம் இது.

ஞாயிறு: நான் உட்கார்ந்ததைச் சூசை பார்த்தார். "கால் பிசகி உட்கார்ந்தாங்க" என்று அமலோற்பவத்திடம் சொன்னார். அதுவரை உண்மை.

திங்கள் மாலை: எங்கள் அன்பியத்தின் தலைவி அமலோற்பவம். முப்பது குடும்பம் சேர்ந்து வீடு வீடாகச் செபிக்கும் அந்தக் கூட்டத்தில், யார் யாருக்காகச் செபிக்க வேண்டும் என்று கருத்து சொல்லும் நேரத்தில், "கீழே விழுந்த நம் லியோனி அக்காவின் உடல்நலத்துக்காக" என்று செபித்தாள்.

செவ்வாய் மாலை, வேறு வீடு, வேறு வாய்: "தலைசுற்றி விழுந்த."

புதன் மாலை, பக்கத்து அன்பியம்: "வழி தெரியாமல் கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட, ஞாபகமறதியால் வாடும் நம் சகோதரிக்காக." எல்லோரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்."

இது செபமாலை மாதம். தினமும் ஒரு வீடு. இன்னும் இருபத்தாறு மாலைகள் பாக்கி. டீக்கடையில் பேசினால் வம்பு என்று சொல்லலாம். முழந்தாளிட்டுக்கொண்டு பேசினால் என்ன சொல்வது?

எக்ஸ்சேஞ்சில் ஊரின் சாவு, கல்யாணம், கள்ளக்காதல் எல்லாம் என் காது வழியாகத்தான் போயின. ஒரு சொல் வெளியே வந்ததில்லை.

அக்டோபர் 7, திங்கள்

வாசகர் பட்டியலைச் சூசை மாற்றி எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டுப் பங்கு அலுவலகத்துக்குப் போனேன். 20ஆம் தேதிக்கு நேராக என் பெயரைப் பென்சிலால் அடித்து ஜெசிந்தா என்று எழுதியிருப்பதாகச் சூசையே சொன்னார்.

ஃபாதர் கஸ்மீர் எழுந்து நாற்காலி போட்டார். "ஓய்வு எடுங்கம்மா. இத்தனை வருஷம் வாசிச்சிட்டீங்க."

"கால்ல அடியா, தலையில அடியா, எதுக்கு ஓய்வு?"

"இல்லம்மா... வாசிக்கும்போது எங்கயாவது தடுமாறிட்டா உங்களுக்குத்தான் சங்கடம்."

"நான் தடுமாறி நீங்க பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். நல்ல பிள்ளை, பொய் சொல்லத் தெரியவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் திருகிவிட்டுச் சொன்னார்: "சரி. இருபதாம் தேதி நீங்களே வாசிங்க. அன்னிக்கு நல்லபடியா முடிஞ்சா பட்டியல் பழையபடி. இல்லன்னா ஜெசிந்தாவுக்குக் குடுத்துடலாம். நீங்களே சந்தோசமா குடுத்துடணும்."

பரீட்சை. சரி. நான் பரீட்சைக்குப் பயந்தவள் அல்ல.

அக்டோபர் 9, புதன்

ஜெசிந்தா பக்கத்து வீட்டுக்காரி. நாற்பத்திரண்டு வயது, தையல் வேலை. அவள் என் இடத்துக்கு ஆசைப்படவில்லை. சூசை கேட்காமலே எழுதிவிட்டாராம். அதனால் அவள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவளுக்கு ழகரம் வராது. அதைத் திருத்துவதற்காகத் தினமும் மதியம் மூன்று மணிக்கு வரச்சொல்லி, 20ஆம் தேதிக்குரிய வாசகத்தைச் சத்தமாக வாசிக்கச் செய்கிறேன். ஆண்டு அட்டவணைப்படி அந்த ஞாயிற்றுக்கு வழக்கமாக வரும் பொதுக்கால வாசகம் அது. பாலைவனத்தில் மக்கள் முணுமுணுப்பது பற்றியது. பொருத்தந்தான்.

"இன்னொரு தடவை வாசி" என்றேன்.

"அஞ்சாவது தடவைம்மா."

"ழ இன்னும் வரலை."

வாசித்தாள். பதினான்கு வாக்கியம். மூன்றாவதிலும் ஒன்பதாவதிலும் மூச்சு விட வேண்டும்.

ஒரு வருடமாக இப்படித்தான் அவளுக்குப் பயிற்சி தருகிறேன். செய்தித்தாளும் அவளே வாசித்துக் காட்டுகிறாள். பேப்பர்காரர்கள் இப்போது மையை மிச்சம் பிடிக்கிறார்கள்.

அக்டோபர் 12, சனி

அமலோற்பவம் வீட்டுக்குப் போனேன். பேசாமல் விட்டிருக்கலாம் என்று எழுதப்போவதில்லை. போனது சரி.

அறுபது வயது, என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. கடலை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. நடந்தா வந்தீங்க? சொல்லி அனுப்பியிருந்தா ஆட்டோ வச்சிருப்பேன்ல."

"எனக்கு ஞாபகமறதின்னு நீ ஆரம்பிச்சு வச்சது எங்க போய் நிக்குது தெரியுமா? கோயில்ல வாசிக்கக் கூடாதுங்கிறாங்க."

"நான் மறதின்னு சொல்லல. விழுந்தீங்கன்னு சொன்னேன். செபந்தானேக்கா பண்ணினேன். அதுல என்ன குத்தம்?"

"செபம்னா கடவுள் காதுல சொல்லு. முப்பது குடும்பத்துக்கும் கேக்கிற மாதிரி எதுக்குச் சொல்ற?"

கடலைத் தோலை முறத்தில் ஊதினாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்.

"அத நீங்க சொல்றீங்களாக்கா? நாலு வருஷத்துக்கு முன்னாடி எங்க சகாயம் வீட்ட விட்டுப் போனான். வேலை கிடைச்சுப் போயிருக்கான்னு நானும் அவங்கப்பாவும் சொல்லிட்டிருந்தோம். உங்க வீட்டுச் செபமாலையில நீங்கதான், 'அமலோற்பவத்தின் மகன் கெட்ட சகவாசத்திலிருந்து மனந்திரும்பி வீடு சேர'ன்னு, நல்லா வாசகம் வாசிக்கிற கொரல்ல சொன்னீங்க. அன்னிக்கு ராத்திரியே தெருவுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. அவன் பிரெண்டு ஒருத்தன் அவனுக்குப் போன் பண்ணி இதச் சொல்லியிருக்கான். எம்மவன், 'இனி அந்தத் தெருவுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடப்பேன்'ன்னான். இன்னும் வரல."

"நான் நல்லதுக்குத்தான் செபிச்சேன்."

"நானும் நல்லதுக்குத்தான்க்கா" என்றாள். முறத்தைத் தட்டிவிட்டு உள்ளே போய் எனக்கு மோர் கொண்டுவந்தாள். குடிக்காமல் வருவது முறையாக இருக்காது. குடித்தேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

அறிவிப்புப் பலகையில் புதிதாக ஒரு மஞ்சள் தாள் ஒட்டியிருந்தார்கள். நிற்க நேரமில்லை.

அக்டோபர் 16, புதன்

தூக்கம் சரியில்லை. காரணம் கொசு.

எக்ஸ்சேஞ்சில் ஒரு சொல்லும் வெளியே விட்டதில்லை என்று 5ஆம் தேதி எழுதியிருக்கிறேன். அது உண்மை. எக்ஸ்சேஞ்சில்.

சகாயம் விஷயம் எனக்கு எப்படித் தெரிந்தது? அமலோற்பவமே அழுதுகொண்டு வந்து என்னிடம் சொன்னாள். "உங்ககிட்ட சொன்னா வெளிய போகாதுக்கா" என்றாள். இது இன்று காலை பல் விளக்கும்போது நினைவு வந்தது. என் நினைவாற்றலில் குறையே இல்லை.

வாசகம் முழுதும் ஏறிவிட்டது. இன்று ஜெசிந்தா புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் சுவரைப் பார்த்துச் சொன்னேன். ஒரு சொல் பிசகவில்லை.

"எதுக்கும்மா மனப்பாடம் பண்றீங்க? புத்தகம்தான் முன்னால இருக்குமே" என்றாள்.

"மக்களைப் பார்த்து வாசிக்கணும். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வாசிக்கிறது வாசிப்பு இல்ல."

அவள் புத்தகத்தை மூடினாள். என் கையைப் பிடித்து அடுக்களைப் படியில் இறக்கி விட்டுப் போனாள். நான் பிடிக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 19, சனி

நீலக் கரை வெள்ளைச் சேலை இஸ்திரி போட்டாயிற்று. பீடத்துக்குப் பக்கத்தில் வாசகமேடைக்கு மூன்று படி. எண்ணி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

வாசித்தேன். பதினான்கு வாக்கியமும். ஒரு சொல் பிசகவில்லை.

மாலை

காலையில் எழுதியது பொய்யல்ல. மீதியையும் எழுதுகிறேன்.

மூன்று படி ஏறினேன். மேடையில் வாசக நூல் திறந்திருந்தது, சிவப்பு நாடா போட்டு. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு மக்களைப் பார்த்தேன். கூட்டம் நிறைய. தொடங்கினேன். முதல் வரியிலேயே கீழே தாள்கள் சரசரத்தன. ஞாயிறு வழிபாட்டுத் தாளை வைத்துக்கொண்டு கூடவே வாசிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். முன்வரிசையில் யாரோ "எந்தப் பக்கம்?" என்று கேட்டது காதில் விழுந்தது. நான் நிறுத்தவில்லை. மூன்றாவதில் மூச்சு, ஒன்பதாவதில் மூச்சு. "ஆண்டவரின் அருள்வாக்கு" என்று முடித்தேன். "இறைவா உமக்கு நன்றி" என்று பாதிப் பேர்தான் சொன்னார்கள்.

பிரசங்கத்தில் ஃபாதர் கஸ்மீர், "எல்லா இனத்தாரும் ஆண்டவரின் மலையை நோக்கி வருவதை இப்போது முதல் வாசகத்தில்..." என்று தொடங்கி நின்றார். கீழே மறுபடி தாள்கள் சரசரத்தன. பிறகு, "இன்னொரு இடத்தில் சொல்லப்படுகிறது" என்று சமாளித்தார்.

மறைபரப்பு ஞாயிற்றுக்கென்று சிறப்பு வாசகங்கள் எடுக்கலாம். சில வருடம் எடுப்பார்கள், சில வருடம் பொதுக்கால வாசகத்தையே வைத்துக்கொள்வார்கள். முன்பிருந்த ஃபாதர் எடுத்ததே இல்லை. இவர் எடுத்திருக்கிறார். எடுக்கப்போவதாகப் பலகையில் மஞ்சள் தாளும் ஒட்டியிருக்கிறார். நூலைச் சரியான பக்கத்தில்தான் திறந்தும் வைத்திருக்கிறார். மேடையில் என் கைக்குக் கீழே சரியான வாசகம் இருந்தது. அதன் மேலே நான் வேறொன்றைப் பிசகில்லாமல் சொல்லிவிட்டு இறங்கினேன்.

வாசலில் எல்லோரும் வழி விட்டார்கள். "பாவம், முத்திப்போச்சு" என்று ஒரு குரல். அமலோற்பவம் அதன் பக்கம் திரும்பி, "வாய மூடு" என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

ஜெசிந்தா காலையிலேயே வந்தாள். உட்காரவில்லை.

"மன்னிச்சிடுங்கம்மா. மஞ்சத் தாளை நானும் பாக்கல. அன்னிக்கு வேற கோயிலுக்குப் போயிட்டேன். பாத்திருந்தா சரியான வாசகத்தையே வாசிச்சுக் காட்டியிருப்பேன்."

"உனக்கு ழ பழக்கத்தானே வாசிக்கச் சொன்னேன்."

"எனக்கு ழ நல்லா வரும்மா" என்றாள். "வாழைப்பழம், கிழவி, மழை. கேட்டீங்களா? போன வருசம் ஆவணியில நீங்க என் கல்யாணப் பத்திரிகைய தலைகீழாப் புடிச்சிட்டு, நல்லா அச்சடிச்சிருக்காங்கன்னு சொன்னீங்க. அன்னிக்கே தெரியும்."

"யார்கிட்ட சொன்ன?"

"எதுக்குச் சொல்லணும்?"

நாற்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். அப்போது அவளைப் பற்றித் தெரு என்னென்ன சொன்னது என்று எனக்குத் தெரியும்.

அவள் போனபின் யோசித்தேன். இப்போது ஊர் நம்புவது, லியோனிக்கு மூளை குழம்பிவிட்டது என்று. நேற்று நடந்ததைப் பார்த்தவர்கள் அப்படித்தான் நம்புவார்கள். அது பொய் என்று நிரூபிக்க எனக்கு ஒரே வழி, உண்மையைச் சொல்வது. பதினான்கு மாதம் பொத்தி வைத்திருந்த உண்மை. சொல்லாமல் இருந்தால் கண் என் சொந்த விஷயமாகவே இருக்கும். மூளை போனவள் என்ற பெயரோடு வீட்டில் இருக்கலாம். கேட்பவர்களெல்லாம் கிழமை கேட்பார்கள்.

முடியாது.

மாலை அமலோற்பவம் வீட்டுக்குப் போனேன். நின்றபடியே சொன்னேன்: "நீ என்னை நம்பிச் சொன்னதை நான் சபையில சொன்னேன். அது செபம் இல்ல. சகாயம் நம்பர் குடு. நான் அவன்கிட்டப் பேசறேன்."

அவள் உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். பிறகு பத்து எண்களைச் சொன்னாள். திருப்பிச் சொல்லவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

சகாயம் போனை எடுத்தான். நான் யாரென்று சொன்னதும் வைத்துவிட்டான். நாளை மறுபடி கூப்பிடுவேன்.

ஃபாதருக்கு எழுதிய கடிதத்தின் நகல்:

மதிப்புக்குரிய ஃபாதர் கஸ்மீர் அவர்களுக்கு,

ஞாயிறன்று நான் சொன்னது அந்த நாளின் பொதுக்கால முதல் வாசகம். நூலை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு சொல் விடுபடவில்லை, ஒரு சொல் சேரவில்லை. என் நினைவில் கோளாறு இருந்தால் அது நடந்திருக்காது.

கோளாறு கண்ணில். இரண்டு கண்ணிலும் விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்துவிட்டது. ஓரத்தில் தெரிகிறது, நேரே பார்ப்பது தெரிவதில்லை. உங்கள் முகத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடி மாற்றியோ அறுவை சிகிச்சை செய்தோ திருத்த முடியாதென்று டாக்டர் பதினான்கு மாதங்களுக்கு முன் சொன்னார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாசகத்தையும் பிறர் வாசிக்கக் கேட்டு மனப்பாடம் செய்துதான் சொல்லி வந்திருக்கிறேன். உங்களுக்குச் சொல்லாதது என் தவறு. வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. நீங்கள் வைத்த பரீட்சையில் தோற்றதாக நான் நினைக்கவில்லை. கேள்வித்தாளை மாற்றியதை என்னால் படிக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

என் கண்ணுக்காக எந்த அன்பியத்திலும் பெயர் சொல்லிச் செபிக்க வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறேன். எவருடைய பெயரையும், அவர்களைக் கேட்காமல், இனி அங்கே சொல்லக்கூடாதென்று அறிவியுங்கள். இந்தப் பழக்கத்தை நானும் வளர்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

என் அடுத்த முறை நவம்பர் 17. எந்த வாசகம் என்பதை முந்தின புதன்கிழமைக்குள் தெரிவித்தால் போதும். நூலைத் திறந்து வைத்துவிட்டு நினைவிலிருந்து சொல்வேன். அது முறையல்ல என்று நீங்கள் கருதினால், எந்த விதியின்படி என்று எழுதுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்பவர் இருந்தாலும் எழுதுங்கள். ஜெசிந்தா நன்றாகச் சொல்வாள், அவளுக்கு ழகரம் வரும். அவளுக்கும் ஒரு ஞாயிறு கொடுங்கள், என்னுடையதை அல்ல.

நவம்பர் 17 எனக்கு உண்டா இல்லையா என்பதற்குப் பதில் எழுத்தில் வேண்டும். சூசையிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். ஒவ்வொரு எழுத்தும் ஒரு விரல் உயரம் இருக்கட்டும், நானே படித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லியோனி ஸ்தனிஸ்லாஸ்